இரும்பு சொன்ன சாட்சி

மூளை ஸ்கேன் படங்களைப் படித்து அறிக்கை எழுதுவது என் தொழில். புதிதாகச் சேரும் மாணவர்களுக்கு லிஸ்பன் நகரத்திலிருந்து தொடங்கித்தான் பாடம் சொல்வேன். மண்டையைத் திறக்காமல் மூளையின் ரத்தக்குழாய்களைப் பார்த்தே தீருவது என்ற பிடிவாதத்தோடு எகாஸ் மோனிஸ் வேலை செய்த ஊர் அது. கவுட் நோய் அவர் விரல்களை முடக்கியிருந்ததால், ஊசியைப் பிடித்தவர் உதவியாளர் அல்மெய்டா லிமா. கழுத்தைக் கீறி, கரோட்டிட் தமனியைக் கண்டுபிடித்து, மருந்தைச் செலுத்தி, உடனே எக்ஸ்ரே எடுக்க வேண்டும். முதலில் ஸ்ட்ரான்ஷியம் புரோமைடை முயன்றார்கள். ஒரு நோயாளி இறந்துபோனார். பிறகு 25 சதவீத சோடியம் அயோடைடு. 1927 ஜூன் 28 அன்று எடுத்த படத்தில், உயிரோடிருக்கும் மனிதரின் மூளைத் தமனிகள் தெரிந்தன.

இன்று நாம் ஆஞ்சியோகிராம் என்பது அங்கே பிறந்ததுதான். தமனியும் சிரையும் நடுவில் நுண்குழாய்கள் இல்லாமல் நேரடியாகப் பின்னிக்கொள்ளும் ஏ.வி.எம். என்ற கோளாறை அது துல்லியமாகக் காட்டியது. 1932-ல் ஸ்டாக்ஹோமில் ஹெர்பர்ட் ஒலிவெக்ரோனா அப்படியொரு முடிச்சை முழுவதுமாக வெட்டி எடுத்தார். ஏ.வி.எம். சிகிச்சைக்கு ஆஞ்சியோகிராமை இன்றும் எதுவும் முழுதாக ஈடுசெய்துவிடவில்லை.

ஆனால் அதன் கண்ணில் படாத ஒன்று இருந்தது: கேவர்னோமா. மெல்லிய சுவர் கொண்ட சிறு ரத்த அறைகள் கொத்தாகச் சேர்ந்த முடிச்சு அது. பெரிய தமனி எதுவும் உள்ளே போவதில்லை. ரத்தம் ஏறக்குறையத் தேங்கியே கிடக்கும். தமனியில் செலுத்திய மருந்து அதைத் தொடாமலே கடந்துவிடும். 1956-ல் கிராஃபோர்டும் டோரதி ரஸ்ஸலும் இப்படிப் படத்துக்குச் சிக்காத குழாய்க் கோளாறுகளைப் பற்றி எழுதினார்கள். 1971-ல் சி.டி. ஸ்கேன் வந்த பிறகும் அது ஒரு மங்கல் கறையாகத்தான் தெரிந்தது; கட்டி என்று எண்ணியவர்களும் உண்டு.

அதைக் காட்டிக்கொடுத்தது ரத்தத்திலுள்ள இரும்பு. 1845-லேயே மைக்கேல் ஃபாரடே உலர்ந்த ரத்தத்தைக் காந்தத்தருகே வைத்துச் சோதித்தார்; இரும்பு இருந்தும் அது இழுபடவில்லை. 1936-ல் லைனஸ் பாலிங்கும் சார்ல்ஸ் கோரியலும் காரணத்தை விளக்கினார்கள். ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினைக் காந்தம் இழுக்காது. ஆக்சிஜனை இறக்கிவிட்ட ஹீமோகுளோபினை இழுக்கும். எம்.ஆர்.ஐ. என்ற கருவியை யாரும் கற்பனைகூடச் செய்யாத காலத்தில் கிடைத்த இந்த உண்மையை நினைத்தால் எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கும்.

1980 ஆகஸ்டில் ஸ்காட்லாந்தின் அபர்தீனில், ஜான் மல்லார்டின் குழு உருவாக்கிய எம்.ஆர்.ஐ. கருவியில் முதல் நோயாளி படுத்தபோது அதன் காந்தப்புலம் 0.04 டெஸ்லாதான். இரும்பின் தடம் தெளிவாகத் தெரிய அது போதாது. 1985-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் கோமோரியும் சகாக்களும் 1.5 டெஸ்லா கருவியில் மூளை ரத்தக்கசிவுகளை ஆராய்ந்து, ரத்தம் பழசாகப் பழசாகப் படம் எப்படி மாறுகிறது என்று வகுத்துக்காட்டினார்கள்.

கேவர்னோமா அவ்வப்போது துளித்துளியாகக் கசியும். கசிந்த ரத்தம் சிதைந்து ஹீமோசிடெரின் என்ற இரும்புக் கறையாகச் சுற்றிலும் பல ஆண்டுகள் தங்கிவிடும். அந்த இரும்பு தன்னைச் சுற்றியுள்ள காந்தப்புலத்தைக் கலைப்பதால் அங்கே சமிக்ஞை விழுந்து, படத்தில் கறுப்பு வளையம் தோன்றும். நடுவில் வெவ்வேறு வயது ரத்தம் வெளுப்பும் கறுப்புமாக, சோளப்பொரி போலத் திரண்டிருக்கும். ஒருமுறை பார்த்த கண் மறக்காது.

இந்தப் படத்தின் பலன் குடும்பங்களில்தான் முழுதாகத் தெரிந்தது. 1988-ல் ரிகமோண்டியும் சகாக்களும் மெக்சிகோ வம்சாவளி அமெரிக்கக் குடும்பங்களில், நோயாளிகளின் உறவினர்களையும் ஸ்கேன் செய்தார்கள். எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களின் மூளையிலும் முடிச்சுகள் இருந்தன. 1996-ல் குனேலின் குழு, இந்தக் குடும்பங்களுக்கு ஒரே பொது மூதாதை வழியாக மரபணு மாற்றம் வந்திருப்பதைக் காட்டியது. 1999-ல் அந்த மாற்றம் நிகழும் க்ரிட்1 மரபணு அடையாளம் காணப்பட்டது. பெற்றோரில் ஒருவருக்கு இந்த மாற்றம் இருந்தால், ஒவ்வொரு குழந்தைக்கும் அது வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. தலைமுறைகளாக வலிப்பையும் பக்கவாதத்தையும் விதியென்று சுமந்த வீடுகளுக்கு ஒரு காரணம் கிடைத்தது. என் துறையின் வரலாற்றில் நான் மிகவும் மதிக்கும் வேலை இது.

ஏறத்தாழ இருநூறு பேரில் ஒருவருக்குக் கேவர்னோமா உண்டு. பெரும்பாலோருக்கு அது ஒன்றும் செய்வதில்லை. ஆனால் எல்லோருக்கும் அப்படியல்ல. சியோல் ஒலிம்பிக்கில் மூன்று தங்கம் வென்ற ஃப்ளோரன்ஸ் கிரிஃபித் ஜாய்னர் 1998-ல், 38 வயதில், தூக்கத்தில் வந்த வலிப்பால் இறந்தார். பிரேதப் பரிசோதனையில் மூளையில் கேவர்னோமா இருந்தது தெரிந்தது.

ஆகவே ஒரு வேண்டுகோள். காரணம் தெரியாத வலிப்போ மூளை ரத்தக்கசிவோ வந்தவருக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கும்போது, இரும்புக் கறையைக் காட்டும் எஸ்.டபிள்யூ.ஐ. அல்லது கிரேடியன்ட் எக்கோ படமும் சேர்கிறதா என்று கேளுங்கள். குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி இருந்திருந்தால், கேட்கும்வரை காத்திராமல் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.