ஆமென் பிரேக்

ஆமென் பிரேக் என்பது 1969ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான "ஆமென், பிரதர்" என்ற வாத்திய இசைப் பாடலின் நடுவே வரும் ஏறக்குறைய ஏழு வினாடி நீளமுள்ள டிரம் வாசிப்பு ஆகும். வின்ஸ்டன்ஸ் என்ற இசைக்குழுவின் டிரம் கலைஞர் கிரிகரி கோல்மன் இதை வாசித்தார். பாடல் வெளியான காலத்தில் இதை யாரும் பொருட்படுத்தவில்லை. 1980களின் நடுப்பகுதியில் ஹிப்-ஹாப் தயாரிப்பாளர்களும், 1990களில் இங்கிலாந்தின் மின்னணு நடன இசைக் கலைஞர்களும் இதை வெட்டியெடுத்துத் தங்கள் பாடல்களுக்கு அடித்தளமாக வைத்தனர். மாதிரியெடுப்புகளைத் தொகுக்கும் தரவுத்தளங்கள் இதைப் பயன்படுத்திய பாடல்களாக ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவற்றைப் பட்டியலிடுகின்றன. அந்தப் பாடல்களில் ஒன்றிலிருந்துகூட கோல்மனுக்கு ராயல்டி கிடைக்கவில்லை.

ஒரு பாடலில் மற்ற வாத்தியங்கள் எல்லாம் நின்று, டிரம் மட்டும் தனியாக ஒலிக்கும் சில வினாடிகளை அமெரிக்க இசையுலகில் "பிரேக்" என்பர். கர்நாடக இசைக் கச்சேரியின் தனி ஆவர்த்தனத்தோடு இதை ஒப்பிடத் தோன்றலாம். ஆனால் தனி என்பது கலைஞருக்கென்றே ஒதுக்கப்படும் இடம். கேட்பவர்கள் அதற்குக் காத்திருப்பார்கள். ஆமென் பிரேக்கோ, பாட்டுக்குப் போதிய நீளம் இல்லை என்பதால் போடப்பட்ட நிரப்பு.

பதிவு

வின்ஸ்டன்ஸ், வாஷிங்டன் நகரைச் சேர்ந்த குழு. கறுப்பினத்தவரும் வெள்ளையரும் சேர்ந்து வாசித்த குழுக்கள் அன்று அரிது. இது அவற்றுள் ஒன்று. சாக்சபோன் வாசித்துப் பாடிய ரிச்சர்ட் லூயிஸ் ஸ்பென்சர் இதன் தலைவர். கர்டிஸ் மேஃபீல்டின் இம்ப்ரஷன்ஸ் குழுவுக்குப் பின்னணி வாசித்த அனுபவம் இவர்களுக்கு இருந்தது.

1969இல் இவர்கள் அட்லாண்டாவில் "கலர் ஹிம் ஃபாதர்" என்ற பாடலைப் பதிவு செய்தனர். போரில் கணவனை இழந்த ஒரு பெண்ணை மணந்து அவள் பிள்ளைகளைத் தன் பிள்ளைகளாக வளர்க்கும் மனிதனைப் பற்றிய பாடல் அது. வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த காலம் என்பதால் கேட்டவர்களின் மனத்தை அது எளிதில் தொட்டது. பில்போர்டு பொதுப் பட்டியலில் ஏழாம் இடத்தையும், ரிதம் அண்ட் புளூஸ் பட்டியலில் இரண்டாம் இடத்தையும் பிடித்தது. சிறந்த ரிதம் அண்ட் புளூஸ் பாடலுக்கான கிராமி விருது, பாடலை எழுதிய ஸ்பென்சருக்குக் கிடைத்தது.

45 சுற்று இசைத்தட்டுக்கு இரண்டு பக்கம் உண்டு. வெற்றி பெற வேண்டிய பாடல் முன்பக்கத்தில் இருக்கும்; பின்பக்கத்தை எதையாவது கொண்டு நிரப்புவார்கள். கிறித்தவ வழிபாட்டுப் பாடலான "ஆமென்" 1960களில் இம்ப்ரஷன்ஸ் குழுவின் பதிப்பால் பெயர் பெற்றிருந்தது. அதன் மெட்டை வேகமாக்கி, மேஃபீல்டு வாசித்துக் காட்டியிருந்த ஒரு கிட்டார் வரியையும் சேர்த்து, மிகக் குறைந்த நேரத்தில் வின்ஸ்டன்ஸ் ஒரு வாத்தியப் பாடலை உருவாக்கினர். நீளம் போதாததால் நடுவில் டிரம்முக்கு நான்கு அளவைகள் விடப்பட்டன. பாடல் தொடங்கி 1 நிமிடம் 26 வினாடியில் அந்தப் பகுதி வருகிறது.

அந்த நான்கு அளவைகளில் நடப்பது இதுதான். முதல் இரண்டில், அதுவரை வாசித்துவந்த தாளத்தையே கோல்மன் தொடர்கிறார். மூன்றாவதில் ஸ்நேர் டிரம்மின் ஓர் அடி எதிர்பார்த்த இடத்தில் விழாமல் சற்றுத் தாமதமாக விழுகிறது. நான்காவதன் முதல் அடி வெறுமையாக விடப்படுகிறது. பிறகு இடம் மாறி விழும் அடிகள் தொடர, முடிவதற்குச் சற்று முன்னரே சிம்பல் ஓங்கி ஒலிக்கிறது. தாளம் தடுமாறப் போகிறது என்று தோன்றும் கணத்தில் அது நிலைக்கு வந்துவிடுகிறது. பின்னால் வந்த தயாரிப்பாளர்களுக்கு இந்தத் தடுமாற்றமே பெரிய செல்வம் ஆயிற்று.

இந்த வாசிப்பு யாருடைய கற்பனை என்பதில் குழுவினருக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை. தான் வழிகாட்டித்தான் கோல்மன் வாசித்தார் என்று ஸ்பென்சர் பிற்காலத்தில் கூறினார். அது முழுக்கக் கோல்மனுடையதே என்று குழுவில் உடன் வாசித்தவர்கள் கூறியுள்ளனர். இரண்டும் ஒருசேர உண்மையாக இருக்கவும் கூடும். எங்கே டிரம் தனியாக வர வேண்டும் என்று ஒருவர் சொல்லலாம். ஒரு ஸ்நேர் அடியை எத்தனை நுண்கணம் பிந்தி வைப்பது என்பதைக் கை மட்டுமே தீர்மானிக்க முடியும்.

1970இல் குழு கலைந்தது. தென் மாநிலங்களில் இரு இனத்தவரும் கலந்த குழுவுக்கு நிகழ்ச்சிகள் கிடைப்பது கடினமாக இருந்தது இதற்கு ஒரு காரணம். ஸ்பென்சர் இசைத்துறையை விட்டு விலகினார்.

பிரான்க்ஸிலிருந்து சாம்ப்ளர் வரை

நியூயார்க்கின் பிரான்க்ஸ் பகுதியில் பிரேக்குக்குப் புதிய வாழ்வு கிடைத்தது. ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில் பிறந்து அங்கு குடியேறிய கூல் ஹெர்க், 1973 ஆகஸ்ட் 11 அன்று செட்ஜ்விக் அவென்யூ 1520ஆம் எண் அடுக்குமாடிக் கட்டடத்தில் தன் தங்கை ஏற்பாடு செய்த விருந்தில் இசைத்தட்டுகளைச் சுழற்றினார். ஹிப்-ஹாப்பின் பிறந்தநாளாகக் கொண்டாடப்படுவது இந்த நாள்தான். பாட்டின் மற்ற பகுதிகளைவிட பிரேக் வரும்போதே ஆடுபவர்கள் உற்சாகம் கொள்வதை ஹெர்க் கவனித்திருந்தார். ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை இரண்டு சுழல்மேடைகளில் வைத்து, ஒன்றில் பிரேக் முடியும்போது மற்றொன்றில் அதைத் தொடங்கி, சில வினாடிப் பகுதியை வேண்டிய நேரம் நீட்டினார்.

இதனால் பழைய இசைத்தட்டுகளில் நல்ல பிரேக் எங்கே இருக்கிறது என்று தேடுவதே ஒரு தொழிலாயிற்று. டி.ஜே.க்கள் தாங்கள் கண்டுபிடித்த தட்டுகளின் பெயர் பிறருக்குத் தெரியாமலிருக்க, நடுவிலுள்ள தாளைத் தண்ணீரில் ஊறவைத்து உரித்துவிடுவதும் உண்டு. அந்தக் காலத்திலேயே வாசித்தவரின் பெயர் தட்டிலிருந்து மறையத் தொடங்கிவிட்டது எனலாம்.

1986இல் "அல்டிமேட் பிரேக்ஸ் அண்ட் பீட்ஸ்" என்ற தொகுப்பு வரிசை நியூயார்க்கில் தொடங்கியது. தேடி அலைய வேண்டிய பாடல்கள் பலவும் ஒரே தட்டில் கிடைத்தன. "ஆமென், பிரதர்" அதன் முதல் தொகுதியிலேயே இடம்பெற்றது. ஹிப்-ஹாப்பின் நிதானமான நடைக்குப் பொருந்தும்படி, டிரம் பகுதி வரும் இடத்தில் மட்டும் தட்டின் வேகம் குறைக்கப்பட்டிருந்தது. 1991 வரை 25 தொகுதிகள் வெளிவந்தன.

அடுத்த ஆண்டிலேயே ஈ-மு எஸ்.பி.-1200 என்ற சாம்ப்ளர் கருவி சந்தைக்கு வந்தது. அதில் மொத்தம் பத்து வினாடி ஒலியைத்தான் சேமிக்க முடியும். பல தயாரிப்பாளர்கள் இசைத்தட்டை வேகமாகச் சுழற்றிப் பதிவு செய்து, கருவிக்குள் மீண்டும் மெதுவாக்கி இடத்தை மிச்சப்படுத்தினர். இதனால் ஒலியில் ஏறிய கரகரப்பு அக்கால ஹிப்-ஹாப்பின் அடையாளமாகவே ஆனது. மான்ட்ரானிக்ஸின் "கிங் ஆஃப் த பீட்ஸ்", என்.டபிள்யூ.ஏ. குழுவின் "ஸ்ட்ரெய்ட் அவுட்டா காம்ப்டன்" ஆகிய இரண்டும் 1988இல் ஆமென் பிரேக்கைக் கொண்டு வந்தவை. முதலாவது, பிரேக்கை அப்படியே சுழலவிடாமல் துண்டுகளாக்கிக் கோத்தது. அடுத்த பத்தாண்டுகளில் இங்கிலாந்தில் நடக்கவிருந்ததன் முன்னோட்டம் அது.

ஜங்கிள்

1990களின் தொடக்கத்தில் லண்டனில் உருவான ஜங்கிள் இசையும், அதிலிருந்து கிளைத்த டிரம் அண்ட் பேஸ் இசையும் ஆமென் பிரேக் இல்லாமல் தோன்றியிருக்குமா என்பது ஐயமே. கரீபியத் தீவுகளிலிருந்து குடியேறியவர்களின் பிள்ளைகள் ஜமைக்க ஒலிபெருக்கிக் குழுக்களின் கனத்த அடித்தொனியைக் கேட்டு வளர்ந்தவர்கள். அதே நகரத்தில் கிடங்குகளிலும் வயல்வெளிகளிலும் ரேவ் எனப்படும் இரவு நடனங்கள் நடந்துகொண்டிருந்தன. இந்த இரண்டும் சந்தித்த இடத்தில் அமெரிக்க டிரம் வாசிப்பு ஒன்று வந்து அமர்ந்தது.

மூலப் பாடலின் வேகம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 136 அடிகள். ஜங்கிள் கலைஞர்கள் அதை 160க்கும் மேலே ஏற்றினர். சாம்ப்ளரில் ஒவ்வொரு அடியையும் தனித்தனியே வெட்டி, கணினியில் வரிசை மாற்றி அடுக்கினர். ஓர் அடியைத் தலைகீழாக ஓட்டினர், அடுத்ததன் சுருதியை ஏற்றினர், ஸ்நேரை மட்டும் எட்டு முறை அடுத்தடுத்து ஒலிக்கவிட்டனர். சுருதியை மாற்றாமல் நீளத்தை மட்டும் இழுக்கும் வசதி அக்காய் எஸ்-950 கருவியில் இருந்தது. இழுக்கும்போது ஒலியில் உண்டாகும் உலோகத்தன்மையான அதிர்வையும் அவர்கள் விரும்பியே வைத்துக்கொண்டனர். கோல்மனின் கை வாசித்தது போலவே இருக்கும், ஆனால் எந்த மனிதக் கையாலும் வாசிக்க முடியாத தாளம் கிடைத்தது.

மற்ற பிரேக்குகளை விட்டு இதையே ஏன் திரும்பத் திரும்ப எடுத்தார்கள் என்பதற்கு விடை ஒலியிலேயே இருக்கிறது. ஓயாமல் ஒலிக்கும் ரைடு சிம்பலின் இழை, அடிகளுக்கு இடைப்பட்ட வெற்றிடங்களை நிரப்புகிறது. அதனால் எங்கே வெட்டி எங்கே ஒட்டினாலும் தையல் தெரிவதில்லை. ஸ்நேருக்கு இடையில் மெல்ல விழும் சிற்றடிகள், வேகம் கூடும்போது தனியொரு தாளமாகவே எழுந்து நிற்கின்றன. ஒலிப்பதிவில் இருந்த முரட்டுத்தனமும் உதவியது.

ஷை எஃப்.எக்ஸ். 1994இல் வெளியிட்ட "ஒரிஜினல் நட்டா" இந்தப் போக்கின் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. ரீமிக்ஸ் இந்த இசையில் ஒரு பாட்டின் பின்குறிப்பாக இருக்கவில்லை. வெளியீட்டின் இயல்பான வடிவமாகவே இருந்தது. பாடலை உருவாக்கியவரே அதை மீண்டும் கலைத்து அடுக்கி, சில முறை மட்டுமே ஓடக்கூடிய அசெட்டேட் தட்டில் வெட்டி, நெருங்கிய டி.ஜே.க்களுக்கு மட்டும் கொடுப்பார். கடைக்கு வருவதற்கு மாதங்களுக்கு முன்பே அது நடன அரங்குகளிலும் உரிமம் இல்லாத வானொலிகளிலும் ஒலிக்கும். 1997இல் டேவிட் போவியின் "லிட்டில் ஒண்டர்", ஓயாசிஸ் குழுவின் "டி'யூ நோ வாட் ஐ மீன்?" வழியாக அதே ஏழு வினாடிகள் பெரும் ராக் கலைஞர்களிடமும் சென்று சேர்ந்தன. "பவர்பஃப் கேர்ள்ஸ்" கேலிச்சித்திரத் தொடரின் முகப்பிசையிலும் அது உண்டு. ஆமென் பிரேக்கைப் பெயர் தெரியாமலேயே கேட்டு வளர்ந்த குழந்தைகள் பலர்.

உரிமையும் பணமும்

அமெரிக்கச் சட்டத்தில் ஒரு பாடலுக்கு இரண்டு பதிப்புரிமைகள் உண்டு. ஒன்று இயற்றியவருக்கு, மற்றொன்று ஒலிப்பதிவின் உரிமையாளருக்கு. டிரம் வாசித்தவர் இந்த இரண்டில் எதிலும் தானாக இடம்பெறுவதில்லை. மெட்டும் சொற்களும் "இயற்றுதல்" எனப்படும். தாளம் பெரும்பாலும் அப்படிக் கருதப்படுவதில்லை. ஜேம்ஸ் பிரவுனின் "ஃபங்கி டிரம்மர்" பாடலில் வாசித்த கிளைட் ஸ்டபிள்ஃபீல்டின் கதையும் இதுவே. ஹிப்-ஹாப்பில் எண்ணற்ற முறை எடுத்தாளப்பட்ட அந்தப் பாடலின் இயற்றுநர் பிரவுன் மட்டுமே.

மாதிரியெடுப்பு பற்றிய வழக்குகள் 1991 முதல் கடுமையாயின. கில்பர்ட் ஓ'சல்லிவன் பாடலொன்றை அனுமதியின்றி எடுத்ததற்காக பிஸ் மார்க்கிக்கு எதிராக அவ்வாண்டு டிசம்பரில் நியூயார்க் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2005இல் மற்றொரு மேல்முறையீட்டு நீதிமன்றம், எவ்வளவு சிறிய துண்டானாலும் உரிமம் தேவை என்றது. மடோனாவின் "வோக்" பாடலில் வரும் கால் வினாடிக்கும் குறைவான ஊதுகருவி ஒலி குறித்த 2016ஆம் ஆண்டு வழக்கில் வேறொரு மேல்முறையீட்டு நீதிமன்றம் இதற்கு நேர்மாறாகக் கூறியது. முரண்பாடு இன்னும் தீரவில்லை. இந்த வழக்குகள் அனைத்திலும் எதிரெதிரே நின்றவை உரிமையாளர்களே. வாசித்த கை எந்தக் கட்சியிலும் இல்லை.

"ஆமென், பிரதர்" பாடலின் உரிமை ஸ்பென்சரிடம் இருந்தது. 1996இல் மூலப் பதிவு நாடாவை விலைக்குக் கேட்டு இசை நிறுவனம் ஒன்றிலிருந்து தொடர்பு கொண்டபோதுதான் தன் பாடல் பரவியிருப்பது அவருக்குத் தெரியவந்தது. அதற்குள் ஆயிரக்கணக்கான பாடல்கள் வெளியாகிவிட்டன. பதிப்புரிமை வழக்குத் தொடர அமெரிக்காவில் மூன்றாண்டுக் கால வரம்பு உண்டு. பெரும்பாலானவை அதைக் கடந்திருந்தன. மற்றவற்றுக்கும், கடல் கடந்து ஒவ்வொரு சிறு நிறுவனமாகத் தேடிப்பிடிப்பது ஒரு தனிமனிதரால் ஆகக்கூடியது அல்ல. இதைத் திருட்டு என்றே அவர் பல ஆண்டுகள் பேசினார். பிற்காலத்தில் கோபம் தணிந்து, தான் உருவாக்கிய ஒன்றை இத்தனை பேர் விரும்பியதில் பெருமையும் உண்டு என்றார்.

கோல்மனுக்கு அப்படிக் கோபப்படவோ தணியவோ வாய்ப்பு அமையவில்லை. அவர் 2006இல் வறுமையில், வீடில்லாதவராக இறந்தார். தன் வாசிப்பு உலகை என்ன செய்தது என்பதை அவர் அறிந்திருக்க வாய்ப்பில்லை என்பதே ஸ்பென்சரின் கருத்து.

2015இல் இங்கிலாந்தைச் சேர்ந்த இரண்டு டி.ஜே.க்கள் ஸ்பென்சருக்காக இணையத்தில் நிதி திரட்டினர். இந்தப் பிரேக்கை எப்போதாவது பயன்படுத்தியவர்களும் அதற்கு ஆடியவர்களும் இயன்றதைத் தரலாம் என்பது கோரிக்கை. ஏறக்குறைய 24,000 பவுண்டு சேர்ந்தது. சட்டம் கேட்டதற்காக அல்லாமல், கடன்பட்டோம் என்ற உணர்வால் வந்த பணம் அது. ஸ்பென்சர் நன்றி தெரிவித்து அதைப் பெற்றுக்கொண்டார்; 2020 டிசம்பரில் காலமானார். நிதி திரட்டப்பட்டபோது கோல்மன் இறந்து ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.