தி சவுண்ட்: ஒரு மறுமதிப்பீடு

தி சவுண்ட், தென் லண்டனைச் சேர்ந்த ராக் இசைக்குழு. 1979 முதல் 1988 வரை இயங்கியது. பங்க் இசை அலை ஓய்ந்தபின் பிரிட்டனில் எழுந்த குழுக்களில் விமர்சகர்களால் பாராட்டப்பட்டும் விற்பனையில் தோற்ற குழு இது. பாடகரும் கிட்டார் கலைஞருமான ஆட்ரியன் போர்லண்ட் இதன் பாடல்களுக்கு மூலவர்.

தோற்றம்

போர்லண்ட் முதலில் நடத்திய குழு தி அவுட்சைடர்ஸ். அதன் முதல் ஆல்பம் 1977இல் வெளிவந்தது. பெரிய நிறுவனம் எதையும் நாடாமல், போர்லண்டின் பெற்றோர் உதவியுடன் சொந்தமாக வெளியிடப்பட்டது. ‘இண்டி’ என்ற சொல் பரவலாவதற்கு முன்பே நடந்த சுயேச்சை முயற்சி இது. அக்குழுவிலிருந்தே தி சவுண்ட் உருவானது. கிரஹாம் பெய்லி பேஸ் கிட்டாரும், மைக் டட்லி டிரம்ஸும் வாசித்தனர். கீபோர்ட் வாசித்த பை மார்ஷல் 1981இல் விலக, கொல்வின் மேயர்ஸ் சேர்ந்தார்.

முதல் இரு ஆல்பங்கள்

முதல் ஆல்பமான ‘ஜெப்பர்டி’ 1980 நவம்பரில் கொரோவா நிறுவனம் வழியே வந்தது. அமெரிக்க ஏவுகணைகள் பிரிட்டனில் நிறுத்தப்படும் என்று அறிவிக்கப்பட்ட ஆண்டு அது. அந்த அச்சத்தை ‘மிஸைல்ஸ்’ பாடலில் கேட்கலாம். 1981இல் வந்த ‘ஃப்ரம் தி லயன்ஸ் மவுத்’ இக்குழுவின் உச்சமாகக் கருதப்படுகிறது.

இங்கே ஓர் ஒப்பீடு பயன்படும். லிவர்பூலின் எக்கோ அண்ட் தி பன்னிமென் குழுவும் கொரோவாவைச் சேர்ந்ததே. அதே 1981இல், அதே தயாரிப்பாளர் ஹியூ ஜோன்ஸுடன், வேல்ஸிலுள்ள அதே ராக்ஃபீல்ட் ஒலிப்பதிவுக்கூடத்தில் தன் இரண்டாம் ஆல்பத்தைப் பதிவு செய்தது. அது பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் முதல் பத்து இடங்களுக்குள் வந்தது. தி சவுண்டின் ஆல்பம் பட்டியலின் முன்வரிசையை எட்டவேயில்லை. ஆகவே தோல்விக்கு ஒலிப்பதிவின் தரத்தைக் காரணமாகச் சொல்ல இயலாது.

நிறுவனத்துடன் முரண்

கொரோவாவின் தாய் நிறுவனமான டபிள்யூ.இ.ஏ., அடுத்த ஆல்பம் நன்கு விற்கக்கூடியதாக இருக்கவேண்டும் என்று வற்புறுத்தியது. அதற்கு இணங்க மறுத்த நிலையில் பிறந்தது ‘ஆல் ஃபால் டவுன்’ (1982). விளம்பரமின்றி வெளிவந்து விற்பனையில் சரிந்தது, ஒப்பந்தமும் முடிந்தது. நிறுவனத்தைப் பழிவாங்கவே கேட்பதற்குக் கடினமான ஆல்பத்தைத் தந்தார்கள் என்ற கருத்து இன்றும் சொல்லப்படுகிறது. ‘மான்யூமென்ட்’, ‘பார்ட்டி ஆஃப் தி மைண்ட்’ ஆகிய பாடல்களின் மெல்லிசையைக் கேட்பவர் அதை அப்படியே ஏற்கமாட்டார். தலைப்புப் பாடல் கரடுமுரடானதுதான். ஆனால் ஒரு பாடலை வைத்து முழு ஆல்பத்தையும் எடைபோடுவது முறையன்று.

பின்னர் ஸ்டாடிக் என்ற சுயேச்சை நிறுவனத்தில் ‘ஷாக் ஆஃப் டேலைட்’ (1984), ‘ஹெட்ஸ் அண்ட் ஹார்ட்ஸ்’ (1985) ஆகியவை வந்தன. கடைசி ஆல்பம் ‘தண்டர் அப்’ (1987) பெல்ஜிய நிறுவனம் ஒன்றின் வெளியீடு. தாய்நாட்டில் கிடைக்காத ரசிகர் கூட்டம் நெதர்லாந்தில் கிடைத்தது. 1988இல் குழு கலைந்தது.

மறுமதிப்பீடு

மேயர்ஸ் 1993இல் காலமானார். மனநோயுடன் நெடுங்காலம் போராடிய போர்லண்ட் 1999 ஏப்ரல் 26 அன்று, 41ஆம் வயதில், தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அதன்பின் பழைய ஆல்பங்கள் மறுவெளியீடு கண்டன. 2016இல் போர்லண்டைப் பற்றிய ஆவணப்படமும் வந்தது. புதிய ரசிகர்கள் பெருகினர்.

இந்தக் கவனத்தில் ஓர் ஆபத்தும் உண்டு. முடிவை அறிந்தவர்கள் அவர் பாடல்களையெல்லாம் அந்த முடிவின் முன்னறிவிப்பாகவே கேட்கிறார்கள். ஆல்பங்களை வெளிவந்த வரிசையில் கேட்டால் வேறொன்று புலப்படும். ‘ஜெப்பர்டி’யில் தன்னிடமிருந்தே தப்ப முடியாமல் தவித்த குரல், அடுத்த ஆல்பத்தின் ‘வின்னிங்’ பாடலில் மீண்டெழும் உறுதியைப் பேசுகிறது. இருளை அறிந்தவர் அதிலிருந்து வெளியேற எடுத்த முயற்சியின் பதிவுகள் இவை. ஒரு கலைஞரின் மரணத்தை வைத்து அவர் ஆக்கங்களுக்குப் பொருள் சொல்லாமல், ஆக்கங்களை அவற்றின் காலத்தில் வைத்துக் கேட்பதே தி சவுண்டுக்குச் செய்யும் நியாயம்.