அம்மாவின் மூக்கும் புனே செங்கல்காரரும்

புனேவுக்கு மாற்றலாகி வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. சனிவார் வாடா, பேஷ்வாக்கள் என்று, ஊரிலிருந்து வருகிற உறவுக்காரர்களுக்குச் சுற்றிக்காட்டும் அளவுக்குத்தான் இந்த ஊர்ச் சரித்திரம் எனக்குத் தெரியும். படித்தது பி.காம்., பார்ப்பது வங்கி வேலை. அந்தச் சரித்திரத்தில் ஒரு பக்கம் என் அம்மாவின் முகத்தில் இருக்கிறது என்று தெரிந்தது இரண்டு வருஷத்துக்கு முன்னால்தான்.

அம்மா திருமங்கலத்திலிருந்து எங்களோடு இருக்க வந்திருந்தார். மூக்கின் இடது மடலில், மூக்குத்திக்குப் பக்கத்தில், ஒரு சின்னப் புண். "மூக்குத்தி உரசுன புண்ணுப்பா, மஞ்சள் வச்சா ஆறிடும்" என்றார். ஆறு மாசமாகியும் ஆறவில்லை. சதையைக் கிள்ளிச் சோதித்த டாக்டர், தோல் புற்றுநோயில் மெதுவாக வளரும் வகை, உயிருக்குப் பயமில்லை, ஆனால் வெட்டி எடுக்கவேண்டும் என்றார். எடுத்தால் மூக்கில் ஓட்டை விழும். அதை அடைக்க நெற்றித் தோலைப் பயன்படுத்துவார்களாம்.

"எந்த நாட்டு முறை சார் இது?" என்று கேட்டேன். டாக்டர் சிரித்தார். "இந்த ஊர் முறைதான். இருநூறு வருஷத்துக்கு முன்னாலேயே இங்கே ஒருத்தர் செய்ததைத்தான் உலகமே படித்தது."

அன்று ராத்திரி தேட ஆரம்பித்தேன். படித்ததை உங்களுக்கும் சொல்கிறேன்.

மூக்கறுப்பது நம் நாட்டில் பழைய தண்டனை. சூர்ப்பணகை கதை இருக்கட்டும்; எங்கள் மதுரைப் பக்கமே நடந்தது ஒன்று உண்டு. 1650களில் மைசூர்ப் படை மதுரை நாட்டுக்குள் புகுந்து, அகப்பட்டவர் மூக்கையெல்லாம் அறுத்தது. திருமலை நாயக்கருக்காகச் சேதுபதி படை திரட்டி வந்து அவர்களை விரட்டினார். பிறகு மதுரைப் படையும் மைசூருக்குள் போய் அதையே செய்தது. "மூக்கறுபட்டான்" என்று இன்றைக்குச் சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். ஒரு காலத்தில் நிஜமாகவே அறுபட்டு, அந்த முகத்தோடு ஊருக்குத் திரும்பியவர்கள் இருந்தார்கள்.

அப்படி ஒருவர் காவஸ்ஜி. மூன்றாம் மைசூர்ப் போரில் ஆங்கிலேயர் படைக்கு மாட்டுவண்டி ஓட்டியவர். 1792இல் திப்புவின் ஆட்களிடம் சிக்கி, மூக்கையும் ஒரு கையையும் இழந்தார். ஒரு வருஷத்துக்கு மேல் மூக்கில்லாமல் இருந்தவருக்குப் புது மூக்கு செய்தவர் புனே பக்கம் இருந்த ஒருவர், செங்கல் அறுப்பவர்கள் சாதியைச் சேர்ந்தவர். தாமஸ் குரூசோ, ஜேம்ஸ் ஃபிண்ட்லே என்ற இரண்டு பம்பாய் ஆங்கில டாக்டர்கள் அதைப் பார்த்தார்கள். ஜேம்ஸ் வேல்ஸ் என்ற ஸ்காட்லாந்து ஓவியர் 1794இல் காவஸ்ஜியைப் படமாக வரைந்தார். அந்த அக்டோபரில் லண்டனின் 'ஜென்டில்மேன்ஸ் மேகசின்' படத்தோடு செய்தி போட்டது.

செய்முறை இதுதான். முதலில் மெழுகில் ஒரு மூக்கு. அதைத் தட்டையாக்கி நெற்றிமேல் வைத்து, சுற்றிக் கோடு. கோட்டின்படி தோலை உரித்து, இரண்டு கண்ணுக்கும் நடுவில் மட்டும் ஒரு சிறு காம்பை அறுக்காமல் விட்டார். பழைய வடுவைச் சீவி, அதைச் சுற்றி ஒரு கீறல். காம்போடு தோலைத் திருப்பி இறக்கி, ஓரத்தைக் கீறலுக்குள் செருகினார். மேலே, வெற்றிலையோடு போடுகிற காசுக்கட்டியைக் குழைத்துத் தடவிய துணிகள், ஒன்றின்மேல் ஒன்றாக ஐந்தாறு. நாலு நாள் கழித்து நெய்யில் நனைத்த துணி. பத்தாம் நாள், துவாரம் அடைபடாமல் இருக்க உள்ளே மெல்லிய துணித் துண்டுகள். இருபத்தைந்தாம் நாள் வாக்கில் காம்பை அறுத்துவிட்டார். மயக்க மருந்து? ஈதர் மயக்கத்தைப் போஸ்டனில் ஊரறியச் செய்து காட்டியதே 1846இல்தான்!

சூட்சுமம் எல்லாம் அந்தக் காம்பில் இருக்கிறது. தோல் துணி மாதிரி இல்லை, வெட்டி ஒட்டிவிட முடியாது. மேல்தோலில் ரத்தக்குழாய் கிடையாது. அடித்தோலில் ஓடும் ரத்தம்தான் அதற்கும் சோறு. அடியில் ஒன்றுமில்லாத ஓட்டைமேல் தடிமனான தோலைத் தனியாக அறுத்து வைத்தால் கறுத்து உதிர்ந்துவிடும். புருவத்து ஓரமாக மேலே ஏறும் ஒரு சின்னத் தமனி, காம்பு வழியாக அதை உயிரோடு வைத்திருக்கும். அதற்குள் மூக்கின் ஓரத்திலிருந்து புதுக் குழாய்கள் வளர்ந்து வரும். எங்கள் பாஷையில் சொன்னால், புது பிராஞ்சில் கணக்கு ஓட ஆரம்பிக்கும் வரை பழைய கணக்கை மூடக்கூடாது.

சுஸ்ருத சம்ஹிதையில் கன்னத்துத் தோலால் மூக்கு செய்யும் முறை உண்டு. இத்தாலியின் தாலியகோட்ஸி, கையை முகத்தோடு சேர்த்துக் கட்டி வைத்துக் கைத்தோலால் மூக்கு செய்வதை 1597இல் புத்தகமாகவே போட்டார்; ஐரோப்பா பிறகு அதைக் கைவிட்டிருந்தது. புனே செய்தி வந்த பிறகு, ஜோசப் கார்ப்யூ என்ற லண்டன் டாக்டர் 1814இல் நெற்றித்தோல் முறையைச் செய்து, 1816இல் புத்தகம் எழுதினார். 1818இல் ஜெர்மனியின் கிரேஃபே இந்த வைத்தியத்துக்கு 'ரைனோபிளாஸ்டி' என்ற பெயரைப் பிரபலமாக்கினார்.

அம்மாவுக்கும் அதேதான் நடந்தது. மூன்று வாரம் புருவத்துக்கும் மூக்குக்கும் நடுவில் தோல் பாலம். கண்ணாடியைத் துணி போட்டு மூடச் சொன்னார். ஊரிலிருந்து அக்கா வீடியோவில் கூப்பிட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஒருநாள் கட்டு மாற்றும்போது அழுதேவிட்டார். "அறுபத்தெட்டு வயசுல எனக்கெதுக்குப்பா மூக்கு? அப்படியே விட்டிருக்கலாம்ல."

என்ன சொல்வதென்று தெரியாமல் காவஸ்ஜி கதையைச் சொன்னேன். ஒரு கையும் இல்லாத வண்டிக்காரர், மயக்க மருந்து இல்லாமல், மூக்குக்காகப் படுத்த கதை. கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "மூக்கத் தொட்டா நெத்தியில தொடுற மாதிரி இருக்கு, அவனுக்கும் அப்படித்தான் இருந்திருக்குமோ?" என்றார். இருந்திருக்கும். காம்பு அறுபடும்வரை அந்தத் தோலின் நரம்பு நெற்றி நரம்புதானே!

மூன்றாவது வாரக் கடைசியில் காம்பை எடுத்தார்கள். இன்று தெரியாதவர்கள் பார்த்தால் கண்டுபிடிப்பது கஷ்டம். நெற்றிக்கோட்டை விபூதி மறைத்துவிடுகிறது. மூக்குத்தி வலது பக்கம் மாறிவிட்டது.

எனக்கு ஒன்றே ஒன்று உறுத்துகிறது. எங்கள் வங்கியில் ஒவ்வொரு பதிவுக்கும் செய்தவர், சரிபார்த்தவர் இரண்டு பேரும் வேண்டும். 1794 செய்தியில் நோயாளி பெயர் இருக்கிறது, நின்று பார்த்த டாக்டர்கள் பெயர் இருக்கிறது. செய்தவர் பெயர் இல்லை, சாதி மட்டும்தான் இருக்கிறது. அவர் பெயரை ஒருத்தரும் கேட்டு எழுதவில்லை.

அம்மாவிடம் இதைச் சொன்னேன். "பேரு தெரியாட்டி என்னப்பா, நல்லா இருந்திருப்பான்" என்றார். அன்று சாயங்காலம் விளக்கேற்றும்போது வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் நின்றார். யாருக்காக என்று நான் கேட்கவில்லை.