எய்பவன் கண்ணும் இடையிலுள்ள காற்றும்

இன்றைய இளைஞர் கணினியில் ஆடும் துப்பாக்கி விளையாட்டுகளுள் ஒரு வகை, போர்க்களத்தை உள்ளபடியே காட்ட முயல்வது. செக் நாட்டார் 2001இல் ஆக்கிய 'ஆபரேஷன் பிளாஷ்பாயிண்ட்', 2013இல் வெளியிட்ட 'ஆர்மா 3' ஆகியவை அவ்வகையின. இவற்றில் தொலைவிலுள்ள இலக்கை நேரே குறிவைத்துச் சுட்டால் குண்டு கீழே வீழும். கூரிய கண்ணிருந்தும் குறி தவறுவதேன்? இவ்வினாவிற்கு விடை காண ஐரோப்பிய அறிஞர்க்கு இரு நூற்றாண்டுகள் ஆயின.

இத்தாலிய அறிஞர் டார்டாலியா 1537இல், பீரங்கியை 45 பாகை உயர்த்தினால் குண்டு மிகத் தொலைவு செல்லும் என்றார். 1638இல் கலிலியோ, எறியப்பட்ட பொருளின் பாதை பரவளைவு என்று நிறுவினார். காற்று அப்பாதையைக் குலைக்கும் என்பதை அவர் அறிந்தேயிருந்தார். பின்வந்தோர் பலரோ காற்றைப் பொருட்படுத்தவில்லை.

அக்குறையை நீக்கியவர் ஆங்கிலக் கணித அறிஞர் பெஞ்சமின் ராபின்ஸ் (1707–1751). கனத்த ஊசலொன்றைத் தொங்கவிட்டு, அதன்மீது குண்டைச் சுட்டு, ஊசல் ஆடிய அளவைக்கொண்டு குண்டின் வேகத்தைக் கணித்தார். வினாடிக்கு 1,700 அடி வேகத்தில் செல்லும் குண்டு, காற்றே இல்லையெனில், ஏறக்குறைய 17 மைல் செல்லவேண்டும். உண்மையில் அது செல்வதோ அதில் ஒரு சிறு பங்கே. எஞ்சியதை விழுங்குவது கண்ணுக்குப் புலனாகாத காற்று! 1742இல் அவர் வெளியிட்ட நூலை, கணித மேதை ஆய்லர் 1745இல் விளக்கவுரையுடன் ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். உருண்டைக் குண்டு தாறுமாறாகச் சுழல்வதால் வழி விலகுவதையும் ராபின்ஸ் கண்டார். குழலின் உட்புறம் திருகுவரி வெட்டினால் குண்டு செவ்வனே சுழன்று நேர்வழி செல்லும் என்று வலியுறுத்தினார்.

இக்கணக்கே இன்றைய விளையாட்டினுள்ளும் இயங்குகிறது. வினாடிக்கு 800 மீட்டர் செல்லும் குண்டு 400 மீட்டரைக் கடக்க அரை வினாடி ஆகும் எனக் கொள்வோம். அதற்குள் புவியீர்ப்பு அதனை ஏறத்தாழ நான்கடி தாழ்த்திவிடும். காற்றுத்தடையால் வேகம் குறையவே, நேரம் நீளும், தாழ்வும் மிகும். ஆகவே தேர்ந்த ஆட்டக்காரன் முதலில் தொலைவை மதிப்பிடுகிறான். பிறகு அதற்கேற்பக் குறியை உயர்த்துகிறான்.

இந்த ராபின்ஸ் நம் தமிழகத்தோடும் தொடர்புடையவர். கிழக்கிந்தியக் கம்பெனியின் கோட்டைகளைச் செப்பனிட 1750இல் வந்தவர், மறு ஆண்டே கடலூரை அடுத்த செயின்ட் டேவிட் கோட்டையில் காலமானார். வணிகக் கம்பெனி அவரை அழைத்தது கோட்டை கட்ட. உலகம் அவரிடம் பெற்றதோ பௌதிகம்.

மாணவர் இவ்விளையாட்டில் பொழுதைப் போக்குகின்றனர் எனப் பெற்றோர் வருந்துவது நியாயமே. ஆயினும், 'குண்டு ஏன் கீழே விழுந்தது?' என்று சிறுவன் ஒருவன் கேட்பானாயின், அவனை வைதனுப்புதல் ஆசிரியர்க்கு அழகன்று. ராபின்ஸ் கேட்டதும் அவ்வினாவே. கரும்பலகையில் ஒரு வளைகோடு வரைந்து காட்டினால், விளையாட்டில் தொடங்கிய வினா கணக்கிற் சென்று முடியும்.