நெய்யாற்றின் கரையில் ஓர் இசை இல்லம்

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் செல்லும் நெடுஞ்சாலையில் களியக்காவிளையோடு தமிழ்நாட்டின் எல்லை முடிகிறது. பாறசாலையையும் அமரவிளையையும் கடந்து நாம் நெய்யாற்றின்கரையை அடைகிறோம். அகத்தியமலையில் தோன்றும் நெய்யாற்றின் கரையிலுள்ள ஊர் என்பதே அப்பெயரின் பொருள். அதனை அறியத் தமிழருக்கு அகராதி வேண்டுவதில்லை.

இவ்வூரை அடுத்த அத்தாழமங்கலத்தில் 1940ஆம் ஆண்டு பிறந்தவர் நெய்யாற்றின்கரை வாசுதேவன். கர்நாடக இசையில் கேரளம் ஈன்ற சிறந்த பாடகருள் ஒருவர். அவர் பதினாறு வயதினராக இருக்கையில், 1956 நவம்பர் 1ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தன. தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தன. தமிழர் தலைவர்கள் கோரிய நெய்யாற்றின்கரை வட்டமோ கேரளத்திலேயே நின்றது. நிலத்தில் கோடு விழுந்தது, இசையில் விழவில்லை.

சுவாதித் திருநாள் மன்னரின் அவைக்குத் தஞ்சையிலிருந்து வடிவேலு வந்த நாள் முதலே இப்பாதை திறந்திருந்தது. 1939இல் திருவனந்தபுரத்தில் தோன்றிய இசைப் பள்ளிக்கு முதல் தலைவராக அமர்ந்தவர் நெல்லைச் சீமையின் ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர். அவருக்குப் பின் அப்பொறுப்பை ஏற்றவர் சோழநாட்டுச் செம்மங்குடி சீனிவாச ஐயர். அப்பள்ளியில் பயின்ற வாசுதேவன், செம்மங்குடியாரின் மாணவராகி, அவர்தம் வழியைத் தம் குரலில் வளர்த்தார். திருப்பூணித்துறை இசைக் கல்லூரியில் ஆசிரியராகவும், பின்னர்த் திருவனந்தபுரம் வானொலி நிலையக் கலைஞராகவும் பணிபுரிந்தார். வானொலி அலைகளுக்கு எல்லைக் காவல் ஏது? களியக்காவிளைக்கு இப்பாலும் அப்பாலும் அக்குரலை ஒருங்கே கேட்டனர். 2004இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அவர், 2008 மே 13ஆம் நாள் மறைந்தார்.

ஓர் இசைவாணர் பிறந்த இல்லத்தைத் தேடிச் செல்வோர் சுவரையும் முற்றத்தையும் கண்டு மீள்வதுண்டு. ஆயினும் அவர் பிறந்தகத்தின் உண்மையான நினைவுச்சின்னம் அவர் பெயரிலேயே இருக்கிறது. அரியக்குடி, செம்மங்குடி என்று ஊரையே தம் பெயராகத் தாங்குவது தமிழிசைவாணர் மரபு. ஆசிரியர் தம் சிற்றூரின் பெயரை மலையாள மண்ணுக்குக் கொண்டுவந்தார். மாணவர் தம் ஆற்றங்கரையின் பெயரைத் தமிழ்நாட்டு மேடைகளுக்குக் கொண்டுசென்றார்.

பிறந்த மண்ணை விட்டுப் பிற மாநிலங்களில் வாழும் நமக்கு இதில் ஓர் ஆறுதல் உண்டு. வீட்டை உடன் எடுத்துச் செல்ல இயலாது. ஊரின் பெயரையும், அங்குக் கற்ற கலையையும் எடுத்துச் செல்லலாம். சென்ற இடத்தாருக்கு அவற்றை மனமுவந்து வழங்கலாம்.