சுரப்பியின் மீது ஒரு வழக்கு

காமத்தின் 'மிகை' உடலில் எங்கே குடியிருக்கிறது? பாதிரியார் ஆன்மாவைக் காட்டினார். 1886இல் கிராஃப்ட் எபிங் பரம்பரை நரம்புச் சீர்கேட்டைக் காட்டினார். இருபதாம் நூற்றாண்டு சுரப்பியைக் காட்டியது. முகவரிதான் மாறியது, விசாரணை நிற்கவில்லை.

1889 ஜூன் 1 அன்று பாரிஸ் உயிரியல் கழகத்தில் 72 வயது பிரௌன் செக்கார் எழுந்து, நாய், சீமைப்பெருச்சாளி ஆகியவற்றின் விரைச்சாற்றை ஊசி போட்டுக்கொண்டு இளமை திரும்பப் பெற்றதாக அறிவித்தார். அந்தச் சாற்றில் வேலை செய்யும் அளவுக்கு ஹார்மோனே இல்லை என்பது பின்னாளில் தெரிந்த கதை. ஆனால் 'ஆண்மை ஒரு திரவம்' என்ற நம்பிக்கை நிலைத்துவிட்டது. 1935இல் டெஸ்டோஸ்டிரோன் பிரித்தெடுக்கப்பட்டது. அதே ஆண்டில் செயற்கையாகவும் தயாரானது. கூட்டலாம் என்றால் குறைக்கவும் செய்யலாம்தானே?

1952இல் இங்கிலாந்தில் ஒருபாலுறவுக்காகத் தண்டிக்கப்பட்ட கணிதவியலாளர் ஆலன் டூரிங்கிடம் சிறையா, ஹார்மோனா என்று கேட்டார்கள். ஓராண்டு ஈஸ்ட்ரோஜன் கொடுத்தார்கள். மார்பு வளர்ந்தது. 1954 ஜூனில் இறந்தார். அரச மன்னிப்பு 2013இல்தான் வந்தது. அவரிடம் 'மிகை' என்று எதுவும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சட்டத்துக்குப் பிடிக்காத ஆசையை மருத்துவம் நோயாக மொழிபெயர்த்துக் கொடுத்தது. 1996இல் கலிபோர்னியா, சிறுவர் மீது பாலியல் குற்றம் புரிந்தோரின் விடுதலைக்கு ஹார்மோன் ஊசியை நிபந்தனையாக்கியது.

சரி, அப்படியானால் வேதியியல் வெறும் பொய்யா? இல்லை. பார்க்கின்சன் நோயாளிகள் இதற்குச் சாட்சி. டோபமைனைப் போலச் செயல்படும் மாத்திரைகளை உட்கொண்ட சிலருக்கு, வாழ்நாளில் இல்லாத சூதாட்ட வெறியும் காமவெறியும் திடீரென்று வந்தன. 2010இல் வெளியான, 3,090 நோயாளிகளை உள்ளடக்கிய ஆய்வில் 3.5 சதவீதத்தினரிடம் கட்டுக்கடங்காத பாலியல் நடத்தை காணப்பட்டது. மருந்தைக் குறைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. டோபமைன் தருவது இன்பம் என்பதைவிட 'வேணும், வேணும்' என்கிற உந்துதல் என்பதே பொருத்தம். அந்த மனிதர்களை ஒழுக்கம் கெட்டவர்கள் என்று ஏசுவது அநியாயம்.

ஆனால் அதே கணக்கை மறுபக்கமும் பார்க்கணும். பெரும்பான்மையோருக்கு அப்படி எதுவும் நேரவில்லை. வேதிப்பொருள் உந்தலாம், யார் மீது, எந்த வீட்டில், எந்தத் துணிச்சலில் என்பதை அது எழுதித் தருவதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்று 2022இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய்ப் பட்டியலில் கட்டாயப் பாலியல் நடத்தை இடம்பெற்றது. ஒழுக்கக் குற்றவுணர்வால் மட்டும் எழும் வேதனை இந்த நோயைத் தீர்மானிக்கப் போதாது என்று அங்கேயே எல்லையும் வகுத்தார்கள். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கமோ 2012இல் இதையொத்த ஒரு முன்மொழிவை நிராகரித்திருந்தது. ஆக, நோய் என்பது சோதனைக்குழாயில் மட்டுமல்ல, மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசியும் முடிவாகிறது.

'ஹார்மோன் பண்ற வேலை, அவன் என்ன செய்வான்' என்று நம் தெருவில் சொல்கிறார்கள். 2015இல் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவர் குழந்தைகள் மீதான வன்கொடுமைக்கு ஆண்மை நீக்கத்தைப் பரிந்துரைத்தார். இரண்டு குரலும் எதிரெதிர் போலத் தெரியும். இரண்டுமே குற்றத்தைச் சுரப்பிக்குள் அடைக்கின்றன. 2013இல் வர்மா குழு ரசாயன ஆண்மை நீக்கத்தை மறுத்தபோது, வன்புணர்ச்சியின் சமூக வேர்களை அது தொடுவதில்லை என்பதைக் காரணமாகச் சொன்னது. சாதியும் ஆணதிகாரமும் எந்த ரத்தப் பரிசோதனையிலும் அகப்படாது. அவதிப்படுபவருக்கு மருத்துவம் கிடைக்க வேண்டும். அதிகாரத்துக்கு அது மன்னிப்புச் சீட்டாகவும் தண்டனைக் கருவியாகவும் ஆகக்கூடாது.