நோக்கியா ஈ71

நோக்கியா ஈ71 என்பது பின்லாந்தின் நோக்கியா நிறுவனம் 2008 ஆம் ஆண்டு சூன் மாதத்தில் அறிவித்த, முழு விசைப்பலகை கொண்ட திறன்பேசி ஆகும். தொடுதிரைப் பேசிகள் பரவலாவதற்கு முன், அலுவலகப் பயன்பாட்டை முன்னிட்டு வந்த ஈ வரிசையைச் சேர்ந்தது.

வன்பொருள்

இதன் தடிமன் 10 மி.மீ., எடை 127 கிராம். 2.36 அங்குலத் திரை 320 × 240 படப்புள்ளிகள் கொண்டது. 369 மெகாஹெர்ட்சு செயலி, சுமார் 110 மெகாபைட் உள்நினைவகம், 3.2 மெகாபிக்சல் கேமரா, கழற்றி மாற்றக்கூடிய 1500 மில்லியாம்பியர்-மணி பேட்டரி ஆகியவை இருந்தன. நினைவக அட்டையும் செருகலாம். இயங்குதளம் சிம்பியன்.

விசைப்பலகை

சாதாரணப் பேசியில் ஒரே விசையில் மூன்று, நான்கு எழுத்துகள் இருக்கும். 'வணக்கம்' என்பதை ஆங்கில எழுத்தில் எழுத அதில் 13 முறை அழுத்த வேண்டும். எழுத்துக்கு ஒரு விசை கொண்ட ஈ71இல் 8 முறை போதும். மின்னஞ்சல் எழுதுவோர் இதை விரும்பியதற்கு இதுவே முதன்மைக் காரணம்.

இணையமும் தமிழும்

வை-ஃபை, ஜி.பி.எஸ்., 3ஜி வசதிகள் இதில் இருந்தன. ஆனால் சென்னையில் பி.எஸ்.என்.எல். 3ஜி சேவை தொடங்கியது 2009 பிப்ரவரியில்தான். தனியார் நிறுவனங்களுக்கான 3ஜி ஏலம் 2010இல் நடந்தது. அதுவரை பலருக்கும் 2ஜி வேகமே கிடைத்தது.

தமிழ் எழுத்துரு இல்லாத சிம்பியன் பேசிகளில் தமிழ்ப் பக்கங்கள் வெறும் கட்டங்களாகத் தெரிந்தன. ஒப்பெரா மினி உலாவி இதற்கு வழி தந்தது. அதன் அமைப்பில் ஒரு தெரிவை மாற்றினால், நிறுவனத்தின் வழங்கியே தமிழ் எழுத்துகளைப் படமாக்கி அனுப்பும். எழுத்துகள் படமாக வந்ததால் படிக்க முடிந்தது. பேசியில் தமிழில் எழுத, மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கி 2005இல் சிங்கப்பூரில் வெளியான செல்லினம் போன்ற செயலிகள் முன்னோடியாக அமைந்தன.

முடிவு

2011 பிப்ரவரியில் நோக்கியா தன் முதன்மைத் திறன்பேசிகளுக்கு விண்டோசு இயங்குதளத்தைத் தேர்ந்தெடுத்தது. 2014 சனவரி முதல் அதன் செயலிக் கடை சிம்பியனுக்கான புதிய செயலிகளையும் மேம்படுத்தல்களையும் ஏற்கவில்லை. இன்றைய இணையத்தளங்களின் பாதுகாப்பு முறைகளைப் பழைய உலாவி அறியாது. அதனால் பேட்டரியை மாற்றி உயிர்ப்பித்த ஈ71இலும் பல தளங்கள் திறப்பதில்லை. வன்பொருள் பழுதடையும் முன்பே, அதை இயக்கிய மென்பொருளின் ஆதரவு நின்றுபோனது.